வாயில் தங்கிய படங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் திருத்திய அச்சு வடிவம்)



முப்பது ஆண்டுகளாக நன்னூல் நடத்துகிறவளுக்குச் சினிமாவில் என்ன சோலி என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். எனக்கே தோன்றியதுதான். இந்த அறக்கட்டளையின் ஆவணத்தில் 'தமிழர் வாழ்வியல் சார்ந்த எப்பொருளும்' என்று ஒரு தொடர் இருக்கிறது. அந்த 'எப்பொருளும்' என்ற உம்மை தரும் துணிச்சலில்தான் நிற்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஒரு வாரம் கூட இருந்தேன். கண்ணை வருத்தக் கூடாது, தொலைக்காட்சி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை. "நீ போனில் படம் போடு, நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள். அப்படித்தான் நாங்கள் சிறுவயதில் விரும்பிய படங்களை ஒவ்வொன்றாகப் போட்டோம். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். நான் பார்த்தேன். இன்றைய உரை அந்த வாரத்தில் பிறந்தது.

என் கருத்து ஒன்றே ஒன்று. பதின்பருவத்தில் நாங்கள் உயிரையே விட்ட படங்கள் பெரும்பாலும் எங்களுக்குச் செவி வழியாக வந்தவை. வாயால் திரும்பச் சொல்ல முடிந்த பகுதி எங்களிடம் தங்கியது: பாட்டு, வசனம், அழுகை, மிமிக்ரி. சொல்ல முடியாத பகுதி கைநழுவிப் போயிற்று: முகம், வெளிச்சம், ஒருவர் பேசாமல் நிற்கும் நேரம். ஐம்பது வயதுக்கு மேல் அந்தப் படங்களுக்குத் திரும்புகிறவர்கள் 'மறுபடியும் பார்த்தேன்' என்கிறார்கள். என் தலைமுறையில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அதுவே முதல் பார்வை என்பது என் துணிபு.

1. சும்மா இருந்த காது

நான் பிறந்தது தாமிரபரணிக் கரையில் முக்கூடல். எங்கள் தெருவில் பீடி சுற்றாத பெண் இல்லை. ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று கணக்கு. காலையில் இலையை நனைத்து வெட்டி வைத்தால், விளக்கு வைக்கும்வரை பீடித் தட்டு மடியை விட்டு இறங்காது. கண்ணும் விரலும் இலையிலும் தூளிலும் நூலிலும் இருக்கும். உடம்பில் சும்மா இருந்த உறுப்பு காது ஒன்றுதான். எங்கள் சினிமா அதன் வழியாகத்தான் வந்தது.

காலையில் இலங்கை வானொலி. கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. அகில இந்திய வானொலியில் 'ஒலிச்சித்திரம்' வரும். ஒரு முழுப் படத்தின் ஒலிப்பதிவைச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். அந்தப் பெயரைச் சற்று யோசித்துப் பாருங்கள். சித்திரத்தை ஒலியாக்கித் தருகிறோம் என்று வானொலியே ஒப்புக்கொண்டது. பிறகு தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வந்தது. ஊரில் தொலைக்காட்சி இருந்த ஒரே வீட்டில், ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்தும் திரையில் புள்ளி மழைதான். அங்கும் எங்களுக்குக் கிடைத்தது ஒலி மட்டுமே.

திரையரங்கு வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். உள்ளே கதைச்சுருக்கம் இருக்கும். கதை முறுகும் இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பார்கள். எங்கள் தெருவில் பலர் அந்த மீதியைக் கண்டதே இல்லை.

தெருவுக்கு ஒருத்தி படத்துக்குப் போய்வந்தால் போதும். மறுநாள் அவள் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். எங்கள் தெருவுக்கு அந்த ஒருத்தி என் அக்கா. பெரியம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இரவு ஆட்டத்துக்குப் போவாள். மறுநாள் காலை திண்ணையில் படம் ஓடும். எல்லாக் குரலிலும் பேசுவாள். பாட்டு வந்தால் பாடுவாள். சண்டைக் காட்சியை மட்டும் 'அடிச்சான், பிடிச்சான்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவாள். வீடு எப்படி இருந்தது என்று கேட்டால் 'பெரிய வீடு' என்பாள். அதோடு சரி.

இதில் புதுமை ஒன்றுமில்லை. எங்கள் அப்பா தலைமுறை 'பராசக்தி'யையும் (1952) 'வீரபாண்டிய கட்டபொம்ம'னையும் (1959) வசனமாகவே வைத்திருந்தது. கோவில் கொடையில் 'திருவிளையாடல்' ஒலித்தட்டு ஓடும். ஊரே கூடச் சேர்ந்து பேசும். நம் மரபில் 'கேள்வி' என்பதற்கு வினா என்ற பொருள் மட்டும் இல்லை. காதால் கற்ற கல்விக்கும் அதுவே பெயர். நாங்கள் சினிமாவில் கேள்விச் செல்வர்கள்.

2. பேசாதவள் இல்லாதவள்

1984இல் 'விதி' வந்தபோது எனக்கு 15 வயது. மோகன், பூர்ணிமா, சுஜாதா, ஜெய்சங்கர். தெலுங்குப் படமொன்றின் மறு ஆக்கம். ஆரூர்தாஸ் வசனம். படத்தைவிட அதன் கதைவசன ஒலிநாடா பெரிதாக ஓடிற்று. முடிதிருத்தும் கடை, தேநீர்க்கடை, கல்யாண வீடு, சடங்கு வீடு என்று எங்கு போனாலும் அந்த நீதிமன்றம் கூடவே வரும். ஏமாற்றியவன் தன் குழந்தைக்குத் தகப்பன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என ஒரு பெண் வழக்குத் தொடுக்கிறாள். வழக்கு முழுவதும் எங்களுக்கு மனப்பாடம்.

பள்ளி ஆண்டுவிழாவில் அந்த நீதிமன்றத்தை நாடகமாகப் போட்டோம். சுஜாதாவின் வழக்கறிஞர் வேஷம் எனக்கு. அம்மாவின் கறுப்புச் சால்வைதான் கோட்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர், நீதிபதி எல்லாவற்றுக்கும் போட்டி. வழக்குத் தொடுத்த பெண்ணின் வேஷத்தை யாருக்குக் கொடுத்தோம் தெரியுமா? எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் வசனம் மனதில் நிற்காத ஒரு தோழிக்கு. நாங்கள் எடுத்துக்கொண்ட பகுதியில் பேச வேண்டியவர்கள் வழக்கறிஞர்கள்தான். அவள் சும்மா நின்றால் போதும் என்றார் டீச்சர்.

ஒலிநாடாவில் பேசாதவர் இல்லாதவர். இது தொழில்நுட்பத்தின் விதி. திரையில் அப்படி இல்லை. இரண்டு வழக்கறிஞர்கள் தன் உடம்பைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் வாதிட்டுக்கொண்டிருக்கும்போது பூர்ணிமாவின் முகம் அங்கேயே இருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து அந்த முகத்தைப் பார்த்தபோது, எங்கள் மேடையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற அந்தத் தோழிதான் எனக்கு நினைவுக்கு வந்தாள். நாங்கள் ஆடிய நாடகத்தில் ஒருவேளை அவள் ஒருத்திதான் படத்தில் இருந்ததைச் செய்தாள்.

'விதி'யைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இன்று முழுதாகப் பார்க்க அது நீளமான படம்.

3. கடன் கொடுத்த பாட்டு

'மௌன ராகம்' 1986 ஆகஸ்டில் வெளியானது. எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்து சேர மார்கழி ஆகிவிட்டது. எனக்கு 17, அக்காவுக்கு 23. அவள் போய்ப் பார்த்துவந்து திண்ணையில் சொன்னாள். கதை உங்களுக்குத் தெரியும். பிடிக்காத திருமணம், தில்லியில் ஒரு வீடு, கணவனிடம் பரிசாக விவாகரத்தைக் கேட்கும் திவ்யா, அவள் மனதில் இறந்துபோன மனோகர். 'விவாகரத்து' என்ற சொல் வந்த இடத்தில் அக்கா குரலைத் தாழ்த்தினாள். பெரியம்மா தூணருகில் இலை வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தது 1988இல், கல்லூரி விடுதியில் வாடகை டெக்கில். அதற்குள் என்னிடம் வேறொரு 'மௌன ராகம்' நிலைபெற்றுவிட்டது. அதில் கார்த்திக்தான் நாயகன். மோகன் ஒரு நல்ல மனிதர், அவ்வளவே.

இப்போது என் கருத்துக்கே எதிரான ஒரு சான்றைச் சொல்ல வேண்டும். பாட்டும் வசனமும்தான் தங்கும் என்றால், மோகனல்லவா தங்கியிருக்க வேண்டும்? படத்தில் கார்த்திக்குக்கு ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டுகள் கணவன் பக்கம் இருக்கின்றன. மனோகர் வருவதே கதையின் நடுவில் ஒரு நினைவுப் பகுதியாக. இளையராஜா அவனுக்குத் தந்தது துள்ளி ஓடும் ஒரு பின்னணி இசைத் துணுக்கு மட்டும்.

கண்புரை வாரத்தில் இதற்கு விடை கிடைத்தது. நிலவை அழைத்துப் பாடும் அந்தப் பாட்டு வந்தது. அக்கா கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திரையில் மோகனைப் பார்த்துத் திகைத்துப்போனேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பாட்டைக் கார்த்திக் பாடுவதாகவே என் மனக்கண்ணில் ஓட்டிவந்திருக்கிறேன்.

"அக்கா, இது கார்த்திக் பாட்டுல்லா?"

"ஏட்டி, அது மோகன் பாட்டு. நான்தான் கார்த்திக்குக்குக் குடுத்தேன்."

"ஏன்?"

"செத்துப்போறவனுக்கு ஒரு பாட்டாவது வேண்டாமா?"

தெரிந்தே செய்திருக்கிறாள். திண்ணையில் கதை சொல்லும்போது பாட்டை இடம் மாற்றியிருக்கிறாள். விடுதியில் அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தும் அவள் தொகுப்பு என்னிடம் அழியவில்லை. கேட்டது கண்டதை வென்றுவிட்டது. என் வயதுத் தோழிகள் இருவரிடம் பிறகு கேட்டேன். ஒருத்தி சரியாகச் சொன்னாள். மற்றவள் என்னைப் போலவே கார்த்திக் என்றாள். அவள் ஊர் திருவாரூர்ப் பக்கம். அங்கே எந்த அக்கா மாற்றினாளோ.

மோகனைப் பற்றி இன்னொன்று. அவருக்கு அந்தக் காலத்தில் பல படங்களில் குரல் கொடுத்தவர் பாடகர் எஸ்.என். சுரேந்தர். 'மௌன ராக'த்திலும் அவர்தான். பேச்சு சுரேந்தருடையது, பாட்டு பாலசுப்பிரமணியத்துடையது. எங்கள் செவி அறிந்த 'மோகன்' முழுக்க வேறு இரண்டு பேர். அவருக்கே உரியதாக இருந்தது முகமும் உடம்பும்தான். அவற்றைத்தான் நாங்கள் பார்க்கவில்லை. அவர் தொடுகை தனக்கு எப்படி இருக்கிறது என்று மனைவி சொல்லும் இடத்தில் அவர் முகத்தில் நடப்பதை எந்த அக்காவாலும் திண்ணையில் சொல்லிக்காட்ட முடியாது.

இப்படி நழுவியவற்றில் ஒருவர் திவ்யாவின் அப்பா. காப்பிக் கடையில் கார்த்திக் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் காட்சியை நாங்கள் எத்தனை முறை நடித்திருப்போம்! எங்கள் தெருவில் சந்திரமௌலி என்று யாரும் இல்லாத குறைக்கு, போகிற வருகிற பெரியவர்களை எல்லாம் அந்தப் பெயரால் கூப்பிட்டு அடி வாங்கினோம். படத்தில் அந்த அப்பாவாக நடித்தவர் ரா. சங்கரன். அவரும் ஓர் இயக்குநர். இப்போது பார்க்கும்போது என் கண் அவரை விட்டு அகலவில்லை. மகளுடைய வயதில் ஒரு பையன், பலர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். யார் என்று தெரியவில்லை. மகளும் அங்கே இருக்கிறாள். நாங்கள் வாயால் எடுத்துக்கொண்டது கூப்பிட்டவனின் குரலை. கூப்பிடப்பட்டவருக்கு எங்கள் நாடகத்தில் வேஷமே இல்லை. இந்த அப்பாவுக்குத்தான் படத்தின் தொடக்கத்தில் மார்பு வலி வந்து, அதனால் மகள் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். அந்தக் கூப்பாட்டையும் அந்த வலியையும் ஒரே மனிதரிடம் வைத்துப் பார்க்க எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

மனோகர் கல்லூரி ஒலிபெருக்கியில் பேசி அவளை வற்புறுத்தும் காட்சியும் இருக்கிறது. 17 வயதில் அது எங்களுக்கு வீரம். நான் பணியாற்றிய கல்லூரியில் பல ஆண்டு உள்ளகப் புகார்க் குழுவில் இருந்தேன். 'அவன் எல்லார் முன்னாலும் கேட்டான் மேடம், எனக்கு முடியாது என்று சொல்லவே வழியில்லை' என்று அழுத பிள்ளைகள் என் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் அந்தக் காட்சியை இனி நான் சிரித்துக்கொண்டு பார்க்க முடியாது. ஆனாலும் சிரிப்பு வரத்தான் செய்தது. கார்த்திக் அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார். இரண்டையும் அப்படியே பதிவு செய்கிறேன்.

பிறகு ஒரு நாள் தனியாக, ஒலியை முழுதும் அணைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். மாணவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம். பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு. வெளிச்சம் பின்னாலிருந்து, சன்னலிலிருந்து, விளக்கிலிருந்து வருகிறது. முகங்கள் பாதி இருளில் இருக்கின்றன. தில்லி வீட்டில் கணவனும் மனைவியும் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை அளந்தே கதையைச் சொல்லிவிடலாம். அவர் வாங்கித்தந்த கொலுசை முதலில் ஏற்காதவள் பிறகு அணிந்துகொண்டு வருகிறாள். அந்த ஓசையும் இல்லாமல், வெறும் நடையைப் பார்த்தேன். அதிலேயே எல்லாம் இருக்கிறது. படத்தின் பெயரில் மௌனம் முதல் சொல். நாங்கள் இரண்டாம் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டோம்.

4. பாட்டு மறைத்தவள்

'மூன்றாம் பிறை' (1982) பாலு மகேந்திராவின் எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு. தேசிய விருதில் சிறந்த நடிகர் கமல்ஹாசன், சிறந்த ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாட்டு இதில்தான் இருக்கிறது. படம் வந்தபோது அவர் இல்லை. எங்கள் பக்கத்தில் பையன்கள் கூடும் மேடை எதுவானாலும், மலை ரயில் நிலையத்தில் கமல் குரங்காட்டம் ஆடிக் கதறும் கடைசிக் காட்சியை ஒருவன் நடித்துக்காட்டாமல் விழா முடியாது. அவனுக்குக் கைதட்டல். ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்ரீதேவியாக யாரும் நடித்ததில்லை. யாரோ பித்தன் என்று நினைத்து அவள் பார்க்கும் அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை, நினைவு இல்லை, ஒன்றுமே இல்லை. அதை மேடையில் எப்படிச் செய்வது? அந்தக் காட்சி நம்மை உலுக்குவதற்குக் காரணம் கதறல் என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். அவள் முகத்தில் எதுவும் இல்லாததுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது வேறொருத்தியைப் பற்றி. கமல் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியராக வருபவர் பூர்ணம் விஸ்வநாதன். அவருடைய இளம் மனைவியாக சில்க் ஸ்மிதா. அவருக்கு ஒரு பாட்டு உண்டு. ஊரில் அந்தப் பாட்டு வானொலியில் வந்தாலே பெரியம்மா எழுந்துபோய் ஒலியைக் குறைப்பார். அக்கா கதை சொல்லும்போது 'அப்புறம் ஒரு பாட்டு' என்று சொல்லி உதட்டைச் சுழித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவாள். ஆண்களிடமும் அவர் பாட்டாக மட்டுமே தங்கினார். அவர்கள் உதட்டைச் சுழிக்கவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

முன்னே, பாட்டு ஒருவரை நினைவில் வைக்கும் என்றேன். இங்கே பாட்டு ஒருத்தியை மூடி மறைத்திருக்கிறது. பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், மலையூரில், பனியில், தன்னைவிட மிக மூத்த ஒருவருக்கு மனைவியாக, பேச ஆளில்லாமல் இருக்கும் ஓர் இளம்பெண் தெரிகிறாள். அவள் கேட்பது கிடைக்காது என்று அவளுக்கே தெரியும். பாலு மகேந்திராவின் கேமரா அவளை எந்த அளவு மதித்தது, எந்த அளவு சந்தைக்குக் கொடுத்தது என்று இன்றும் எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் நடந்திருக்கிறது. முந்தைய ஆண்டு 'அலைகள் ஓய்வதில்லை'யில் பாரதிராஜா அவருக்கு ராதாவின் அண்ணி வேடம் தந்தார். காதலர் பக்கம் நிற்கும் அண்ணி. அதுவும் யார் நினைவிலும் இல்லை. 1996 செப்டம்பரில் சில்க் ஸ்மிதா இறந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். பின்வரிசையில் ஒரு மாணவன் அந்தப் பாட்டை முணுமுணுத்தான். மரியாதைக்காகத்தான் முணுமுணுத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவனிடம் வேறு என்ன இருந்தது?

5. ஆபரேட்டரின் சான்று

'வயது ஏறினால் பார்வை மாறும், அவ்வளவுதானே? இதற்குக் காதையும் வாயையும் ஏன் இழுக்கிறீர்கள்?' என்று என் ஆய்வு மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. 17 வயதில் மகளோடு நின்றேன், 57இல் அப்பாவோடு நிற்கிறேன். அதில் ஓரளவு உண்மை உண்டு.

ஆனால் எங்கள் ஊர்க் கொட்டகையில் அந்நாளில் ஆபரேட்டராக இருந்தவர் இன்னும் இருக்கிறார். அக்காவுக்கு நாலைந்து வயது மூத்தவர். கார்பன் குச்சி எரிந்து வெளிச்சம் தரும் புரொஜெக்டர்கள் அவை. குச்சி எரிய எரிய முன்னால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை மங்கும், கொட்டகை கூச்சல் போடும். எந்திரத்தின் இரைச்சலில் பேச்சு சரியாகக் கேட்காது. சின்னச் சதுர ஓட்டை வழியே படத்தைப் பார்த்தபடி இருப்பார். அவரிடம் 'மௌன ராகம்' நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லாமலா? படம் பூரா இருட்டு. கார்பனை ஏத்தி ஏத்திப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கல. முதலாளி என்னைத் திட்டினார். அந்தப் பொண்ணு சன்னல்கிட்ட நிக்கும்லா, மூஞ்சி பாதி தெரியாது. படப்பெட்டியில்தான் கோளாறுன்னு நெனைச்சேன். நாலாம் நாள்தான் அது அப்படித்தான் எடுத்திருக்குன்னு பிடிபட்டது."

பாட்டு? "நல்ல பாட்டுன்னு சொல்லுவாங்க."

கார்த்திக்? "அந்தப் பையன் படியில் ஓடிவருவான், சுட்டிருவாங்க. அந்த ரீல்ல வெளிச்சம் நல்லா இருக்கும்."

அதே ஊர், அதே பிரதி, ஏறத்தாழ அதே வயது. கண்ணால் மட்டும் பார்த்தவரிடம் சன்னலும் இருட்டும் படியும் தங்கியிருக்கின்றன. காதால் கேட்ட எங்களிடம் பாட்டும் பகடியும். வயது மட்டுமே காரணமாக இருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது.

சூத்திரங்களின் நிலையைச் சொல்லும்போது நன்னூலார் நான்கு உவமை தருகிறார்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. அவர் சினிமாவுக்குச் சொல்லவில்லை. இழுக்கிறேன் என்று தெரிந்தே இழுக்கிறேன். கொட்டகையில் ஓடிய படம் ஆற்றொழுக்கு. பாட்டிலிருந்து பாட்டுக்குத் தாவிய எங்கள் நினைவு தவளைப் பாய்த்து. கார்த்திக்கை மட்டும் கொத்திக்கொண்டு மேலே போனோமே, அது பருந்து. நடந்துகொண்டே திரும்பிப் பார்க்கும் சிங்கத்தின் நோக்கு மட்டும் எங்களுக்கு அப்போது வாய்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அந்தக் காலத்தில் படம் இருக்காது. பெட்டி அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

இப்போது எல்லாப் படமும் கைப்பேசியில் கிடக்கிறது. அதைப் போட்டு முடித்ததும் இரண்டு வகையான பேச்சு வருகிறது. 'அந்தக் காலம் போல் வருமா' என்பது ஒன்று. 'இதையா கொண்டாடினோம், எவ்வளவு பிற்போக்கு' என்பது மற்றொன்று. இரண்டு பேரிடமும் எனக்குக் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: எந்தப் படத்தைச் சொல்கிறீர்கள்? திரையில் இப்போது ஓடியதையா, திண்ணையில் ஓடியதையா?

அக்காவின் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 'மௌன ராகம்' சொன்ன அந்த மார்கழிக்குப் பின் வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்று, படத்துத் திவ்யாவைப் போல அவள் எங்கும் தாமதிக்கவில்லை, மழையும் பெய்யவில்லை. அத்தான் நல்லவர். நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. கட்டு அவிழ்த்துக் கண் தெளிந்த பிறகு, இன்னொரு முறை போடு என்றாள். இந்த முறை பார்த்தாள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரு சொல் பேசவில்லை. எப்போதும் கூடவே பாடுகிறவள், பாடவும் இல்லை.

மறுநாள் காலை பேத்தி வந்தாள், கல்லூரி முதலாண்டு படிக்கிறவள். பாட்டி நேற்று என்ன படம் பார்த்தாய் என்று கேட்டாள். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொல்லத் தொடங்கினாள்.

"ஒரு அம்மா இருக்கா. மழைன்னா மழை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்து எவ்வளவு நேரமாச்சு, பொண்ணைக் காணோம். அந்த அம்மா அடுப்படியில் மூணாவது தடவையா காப்பி போடுதா. பால் தீந்துபோச்சு. யார்கிட்டயும் சொல்ல முடியல. பக்கத்து வீட்டுச் சுவரேறி ஒரு டம்ளர் பால் கேக்கா…"

அப்படி ஒரு காட்சி படத்தில் இல்லை. நான் குறுக்கிடவில்லை. பேத்தி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம்?" என்றாள்.